கிறித்தவப் பாவ - மீட்புக் கோட்பாட்டில் தீங்குற்றவரின் இடம்

முன்னுரை

பாவமும் மீட்பும் கிறித்தவ இறையியலின் இரு தூண்கள். மனிதன் பாவி, அவனால் தன்னைத் தானே மீட்டுக்கொள்ள இயலாது, இறைவன் தம் அருளால் இயேசுவின் சிலுவைச் சாவின் வழியே அவனை மீட்கிறார் என்பது இக்கோட்பாட்டின் சுருக்கம். இச்சுருக்கத்தில் இருவர் மட்டுமே இடம்பெறுகின்றனர். ஒருவன் பாவம் செய்தவன். மற்றவர் மன்னிக்கும் இறைவன். ஆயின் மனிதர் செய்யும் பாவங்களுள் பெரும்பாலானவற்றில் மூன்றாமவர் ஒருவரும் இருக்கிறார். பொருளைப் பறிகொடுத்தவர், பொய்ச்சான்றால் சிறைப்பட்டவர், கூலி மறுக்கப்பட்டவர், கொலையுண்டவர் என அவர் பலவகையினர். இறைவன் பாவியை மன்னித்துவிட்ட பின்னர் இம்மூன்றாமவரின் நிலை யாது? அவருக்கு நேர்ந்த தீங்கை அவரைக் கேளாமல் மன்னிக்க இறைவனுக்கும் உரிமை உண்டா? பாவி மீட்படைந்துவிட்டான் எனில் அவன் பறித்த பொருள் யாரிடம் இருக்கும்? இவ்வினாக்களைக் கிறித்தவ மரபு எவ்வாறு எதிர்கொண்டுள்ளது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாவீதின் வழக்கு

இவ்வினாவின் கூர்மையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று எபிரேய மறைநூலில் உள்ளது. சாமுவேல் இரண்டாம் நூலின் 11, 12 ஆம் அதிகாரங்கள் அதனைக் கூறுகின்றன. அரசன் தாவீது தன் படைவீரன் உரியாவின் மனைவி பத்சேபாவை அழைப்பித்துக் கூடுகிறான். அவள் கருவுற்றதை மறைக்க முயன்று தோற்றபின், உரியாவைப் போரின் கடுமையான முனையில் நிறுத்திக் கொல்லச் செய்கிறான். நாத்தான் என்னும் இறைவாக்கினர் அரசனிடம் வந்து ஒரு கதை சொல்கிறார். மந்தைகள் பல உடைய செல்வன் ஒருவன், ஏழையொருவன் மகளைப்போல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்து விருந்தாக்கிய கதை அது. சினமுற்ற தாவீது, அச்செல்வன் ஆட்டுக்குட்டிக்கு ஈடாக நான்கு மடங்கு திருப்பித் தரவேண்டும் என்று தீர்ப்பளிக்கிறான். அச்செல்வன் நீயே என்கிறார் நாத்தான். தாவீது தன் பாவத்தை ஒப்புக்கொள்கிறான். இறைவன் அப்பாவத்தை நீக்கிவிட்டதாக நாத்தான் அறிவிக்கிறார்.

இங்கு ஒரு முரண் தென்படுகிறது. பிறன் வழக்கென்று எண்ணியபோது நான்கு மடங்கு ஈடு கேட்ட தாவீது, தன் வழக்கென்று அறிந்தபின் ஈடு பற்றி ஒன்றும் கூறவில்லை. உரியா இறந்துவிட்டான்; அவனுக்கு எதனையும் திருப்பித் தர இயலாது. இந்நிகழ்ச்சியோடு மரபு தொடர்புபடுத்தும் 51 ஆம் திருப்பாடலிலோ, பாவி தான் இறைவன் ஒருவருக்கு எதிராகவே குற்றம் புரிந்ததாக அறிக்கையிடுகிறான். அனைத்துப் பாவமும் இறுதியில் இறைவனின் ஒழுங்குக்கு எதிரானது என்பது அதன் கருத்து எனலாம். எனினும் உரியாவின் நிலையிலிருந்து அப்பாடலைப் படிப்பவர்க்கு, தாவீது யாருக்கு எதிராகப் பாவம் செய்தான் என்னும் ஐயம் எழாமல் இராது. தண்டனையின்றி அரசன் தப்பினான் என்று மறைநூல் கூறவில்லை. அவனுடைய குழந்தை இறக்கிறது. அவன் வீட்டில் வன்முறை தொடர்கிறது. ஆனால் அத்தண்டனையிலும் தீங்குற்றவருக்கு எதுவும் வந்துசேரவில்லை என்பது நோக்கத்தக்கது.

பாவம் : சொல்லும் பொருளும்

பாவத்தைக் குறிக்கும் எபிரேயச் சொற்களுள் 'ஹத்தாத்' என்பது முதன்மையானது. அதன் வேர் 'குறி தவறுதல்' என்னும் பொருள் உடையது. நீதித்தலைவர்கள் நூல் மயிரிழையும் குறிதவறாத கவண்வீரர்களைப் பற்றிப் பேசுமிடத்தில் இவ்வேரையே ஆள்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான 'ஹமார்த்தியா'வும் இப்பொருளோடு தொடர்புடையதே. இவ்வகையில் பாவம் என்பது தனித்தனிக் குற்றங்களின் தொகை மட்டுமன்று. மனிதன் அடையவேண்டிய இலக்கிலிருந்து அவன் வாழ்வு விலகிச் சென்றுள்ள நிலையையும் அது சுட்டுகிறது. 

இச்சொற்களோடு இரண்டு உருவகங்கள் பாவக் கோட்பாட்டை வளர்த்தன. பழைய எபிரேய நூல்களில் பாவம் பெரிதும் சுமையாகப் பேசப்படுகிறது. பிற்கால அரமேய மொழிச் சூழலில் அது கடனாகப் பேசப்பட்டது. கடனையும் பாவத்தையும் ஒரே சொல்லால் குறிப்பது அரமேய வழக்கு. இயேசு கற்பித்த இறைவேண்டலை மத்தேயு 'கடன்' என்னும் சொல்லாலும் லூக்கா 'பாவம்' என்னும் சொல்லாலும் தருவதற்கு இதுவே பின்புலமாகும். தமிழிலும் இவ்வேறுபாட்டின் சுவடு உண்டு. சீர்திருத்தத் திருச்சபையினரின் பழைய மொழிபெயர்ப்பு மத்தேயுவின் அவ்விடத்தில் 'கடன்' என்றே வழங்க, 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'குற்றம்' என்று வழங்குகிறது. 

உருவகம் மாறுமிடத்து அறவியல் வினாவும் மாறுகிறது. பாவம் சுமையாயின், அதனைத் தூக்கி எறிந்தாலோ பிறரொருவர் வாங்கிக்கொண்டாலோ போதும். சுமப்பவனின் முதுகு மட்டுமே அவ்வுருவகத்தில் தென்படுகிறது. ஜான் பனியன் 1678 இல் வெளியிட்ட 'மோட்சப் பயணம்' நூலில் பயணியின் முதுகுச் சுமை சிலுவையின் அடியில் தானே கழன்று உருண்டு கல்லறைக்குள் மறைகிறது. அந்நூலைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894 இல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்' தமிழ்க் கிறித்தவக் காப்பியங்களுள் சிறந்த ஒன்றாக விளங்குகிறது. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858 இல் திருமுழுக்குப் பெற்ற அப்பாவலர், அடைக்கலம் புகும் அடியவரின் உள்ளத்தைக் கம்பனின் நடையை நினைவூட்டும் தமிழில் வடித்தார். சுமை இறங்கிய ஆன்மாவின் விடுதலையை உணர்த்துவதில் இவ்வுருவகத்திற்கு இணையில்லை. ஆயின் அச்சுமை யாருக்கு இழைத்த தீங்கால் விளைந்தது என்னும் வினாவுக்கு இதில் இடமில்லை. 

பாவம் கடனாயின், கடன் கொடுத்தவர் என ஒருவர் இருந்தாக வேண்டும். எனவே 'யாருக்குப் பட்ட கடன்?' என்னும் வினா தவிர்க்க இயலாததாகிறது. மத்தேயு 18 ஆம் அதிகாரத்து உவமையில் ஊழியன் ஒருவன் அரசனுக்குப் பத்தாயிரம் தாலந்து கடன்பட்டவன். ஒரு தாலந்து 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒருநாள் கூலி. எனவே அவன் கடன் 6 கோடி நாட்கூலிக்கு இணையானது. அரசன் அதனை முற்றிலும் தள்ளுபடி செய்கிறான். வெளியே சென்ற ஊழியன், தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய உடன் ஊழியனின் கழுத்தை நெரிக்கிறான். அரசன் தன் தள்ளுபடியைத் திரும்பப் பெறுகிறான். இறைவனுக்கும் மனிதனுக்கும் உள்ள கணக்கும், மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள கணக்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது இவ்வுவமையால் புலனாகிறது.

ஒருவர் கடனை மற்றவர் தீர்த்தல்

கடன் உருவகத்தை முழுமையான கோட்பாடாக வளர்த்தவர் காண்டர்பரி பேராயர் ஆன்செல்ம். 1098 இல் நிறைவுற்ற 'இறைவன் மனிதரானது ஏன்?' என்னும் நூலில் அவர் கூறுவது பின்வருமாறு அமையும். மனிதன் இறைவனுக்குரிய மாண்பைப் பறித்தான். பறித்ததைத் திருப்பித் தருவதோடு அதற்கு மேலும் ஈடு செய்தாக வேண்டும். அளவற்ற மாண்புடையவருக்கு அளவுடைய மனிதன் ஈடு செய்ய இயலாது. செய்யக் கடமைப்பட்டவன் மனிதன். செய்ய வல்லவர் இறைவன். ஆகவே இறைவனும் மனிதனுமான ஒருவரே அதனைச் செய்ய முடியும். அவருக்கு அடுத்த தலைமுறையினரான பீட்டர் அபெலார்ட், சிலுவையை ஈட்டுத் தொகையாகக் கொள்ளாமல் மனிதனின் உள்ளத்தை மாற்றும் அன்பின் வெளிப்பாடாகக் கண்டார். 

இக்கோட்பாட்டிற்கு எதிராக எழுந்த அறவியல் மறுப்புகளுள் வலிமையானது இம்மானுவேல் காண்டினுடையது. 1793 இல் வெளியான சமயம் பற்றிய தம் நூலில் அவர், பணக்கடனை ஒருவருக்காக மற்றவர் செலுத்தலாம். பாவக்கடனோ தனிமனிதனுக்கே உரியது. அதனைக் குற்றமற்ற ஒருவர் எத்துணைப் பெருந்தன்மையோடு ஏற்க முன்வந்தாலும் கைமாற்ற இயலாது என்னும் பொருள்பட வாதிடுகிறார். கொலைகாரனுக்காக அவன் உடன்பிறந்தான் சிறை செல்வதை எந்த நீதிமன்றமும் ஏற்பதில்லை. அவ்வாறிருக்க இறைவனின் நீதிமன்றம் அதனை ஏற்பது எங்ஙனம் என்பது காண்ட் வழி எழும் வினா.

ஆன்செல்மும் காண்டும் முரண்பட்டாலும் ஒரு கூறில் ஒன்றுபடுகின்றனர். இருவர் ஆய்விலும் கடன்பட்டவனும் கடன் தீர்ப்பவரும் விரிவாகப் பேசப்படுகின்றனர். ஒருவர் கடனை இறைவனின் மாண்போடும், மற்றவர் அறச்சட்டத்தோடும் சார்த்துகின்றனர். உரியா இருவர் ஆய்விலும் நடுவிடம் பெறவில்லை.

அருளும் முயற்சியும்

மீட்பு அருளால் வருவதா, மனித முயற்சியால் வருவதா என்பது கிறித்தவ வரலாற்றின் நெடிய விவாதம். மனிதன் தன் விருப்புரிமையால் பாவமின்றி வாழ வல்லவன் என்ற பெலாஜியுசின் கருத்தை அகுஸ்தீனார் எதிர்த்தார். 418 இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாஜியக் கருத்துகளைக் கண்டித்தது. 16 ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர், நம்பிக்கை ஒன்றினாலேயே மனிதன் இறைவன்முன் நீதிமானாக்கப்படுகிறான் என்றார். திரெந்துச் சங்கம் 1547 இல், அருளே முதன்மையானது என்பதை ஏற்று, அவ்வருளோடு மனிதன் ஒத்துழைக்க வேண்டும் என்று விடையளித்தது. ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டுக்குப் பின் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் இப்பொருள் பற்றிய கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. 

தமிழ் வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் நிகழ்த்திய விவாதம் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியும், தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியும் அவ்விவாதத்தில் உவமைகள் ஆயின. செருமானிய அறிஞர் ருடால்ஃப் ஆட்டோ 1930 இல் இந்திய அருட்சமயத்தைக் கிறித்தவத்தோடு ஒப்பிட்டுத் தனி நூலே எழுதினார். இரு மரபுகளிலும் விவாதம் அடியவனுக்கும் ஆண்டவனுக்கும் இடைப்பட்டதாகவே நிகழ்ந்தது. குட்டி எவ்வாறு காக்கப்படுகிறது என்பது கேட்கப்பட்டது. அக்குட்டியால் காயமுற்றவர் பற்றிய வினா எழுப்பப்படவில்லை.

தீங்குற்றவரின் குரல்

இவ்வினாவை இலக்கியம் எழுப்பியது. தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' 1880 இல் நூலாக நிறைவு பெற்றது. அதில் இவான் தன் தம்பி அலியோஷாவிடம், வேட்டை நாய்களால் குதறப்பட்ட ஓர் அடிமைச் சிறுவனைப் பற்றிக் கூறுகிறான். அச்சிறுவனின் தாய் தனக்கு நேர்ந்த துயரத்தை மன்னிக்கலாம். குழந்தை பட்ட வேதனையை மன்னிக்க அவளுக்கும் உரிமையில்லை என்பது அவன் வாதம். அத்தகைய மன்னிப்பின்மேல் எழுப்பப்படும் இறுதி இணக்கமும் தனக்கு வேண்டாம் என்கிறான் அவன். 

சைமன் வீசென்தால் எழுதி 1969 இல் முதலில் வெளிவந்த 'சூரியகாந்தி' இவ்வினாவை வரலாற்று நிகழ்வாக முன்வைக்கிறது. நாஜி முகாமில் அடைபட்டிருந்த யூதரான அவரிடம், இறக்கும் தறுவாயிலிருந்த நாஜிப் படைவீரன் ஒருவன் தான் யூதர்களுக்குச் செய்த கொலையை அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்கிறான். வீசென்தால் ஒன்றும் பேசாமல் அறையைவிட்டு வெளியேறுகிறார். கொல்லப்பட்டவர்களின் பொருட்டு மன்னிக்கும் உரிமை அவருக்கு உண்டா என்பதே நூலின் வினா. 

ஆசிய இறையியலாளரும் இதனை எதிர்கொண்டனர். கொரிய மரபினரான ஆண்ட்ரூ சங் பார்க் 1993 இல் வெளியிட்ட 'இறைவனின் காயப்பட்ட இதயம்' என்னும் நூலில், பாவம் செய்தவனுக்குரிய சொல் 'பாவம்' என்றால், தீங்குற்றவரின் உள்ளத்தில் இறுகிய வேதனைக்குரிய கொரியச் சொல் 'ஹன்' என்கிறார். மேலைக் கிறித்தவம் பாவியின் மீட்பையே பேசி, ஹன் சுமப்பவரின் மீட்பைப் பேசாது விட்டது என்பது அவர் திறனாய்வு. 

தமிழ்ப் படிப்பாளர்க்கு இக்குரல் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்டமைக்கு முற்பிறப்பு வினை காரணமாகக் கூறப்படுகிறது. பரதனாகப் பிறந்திருந்தபோது அவன் சங்கமன் என்னும் வணிகனைக் கொல்லச் செய்தான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அலமந்து, சாபமிட்டு உயிர்விட்டாள். வினை தானே இயங்கும் விதியாயினும், காப்பியம் அதற்குள் தீங்குற்ற ஒரு பெண்ணின் அழுகையைப் பொதிந்து வைத்துள்ளது. இழைத்த தீங்கு, அதனை அனுபவித்தவரின் குரல் கேட்கப்படும் வரையில் முடிவதில்லை என்னும் உணர்வு அங்கும் உண்டு.

ஈடுசெய்தல் என்னும் மரபு

இவ்வினாவுக்குரிய விடை கிறித்தவ மரபின் உள்ளேயே உள்ளது என்பதும், அது பலகாலும் பின்தள்ளப்பட்டுள்ளது என்பதும் இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்தாகும். லேவியர் நூலின் 6 ஆம் அதிகாரம், அயலாரை ஏமாற்றியோ பறித்தோ பொருள் கொண்டவன், முழுப்பொருளையும் அதன் ஐந்திலொரு பங்கையும் சேர்த்து உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், அதன்பின் குற்றநீக்கப் பலி செலுத்த வேண்டும் என்றும் விதிக்கிறது. பலிபீடத்துக்குச் செல்லும் வழி பறிகொடுத்தவரின் வீட்டைக் கடந்தே செல்கிறது. யூத மிஷ்னாவின் 'யோமா' பகுதி, மனிதன் இறைவனுக்கு எதிராகச் செய்த பாவத்தைப் பாவப்பரிகார நாள் நீக்கும். அயலானுக்கு எதிராகச் செய்ததை அவ்வயலான் மனம் ஆறும்வரை நீக்காது என்று தெளிவாக வரையறுக்கிறது. காணிக்கை செலுத்த வந்தவன், தன்மேல் மனத்தாங்கல் கொண்ட சகோதரனை நினைவுகூர்ந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் சென்று நல்லுறவு செய்துகொள்ள வேண்டும் என மலைப்பொழிவில் இயேசு கூறுவதும் இம்மரபைச் சார்ந்ததே.

இயேசுவின் வாழ்வில் இதற்குச் சான்றாக அமைபவர் சக்கேயு. லூக்கா 19 ஆம் அதிகாரம் அவரை எரிகோ நகரின் வரி தண்டுவோருக்குத் தலைவர் என்றும் செல்வர் என்றும் அறிமுகப்படுத்துகிறது. இயேசு அவர் வீட்டிற்கு வலிய வருகிறார். சக்கேயு எழுந்து, தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், எவரையேனும் ஏமாற்றிப் பெற்றிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் அறிவிக்கிறார். அதன்பின்பே அவ்வீட்டிற்கு மீட்பு வந்ததாக இயேசு மொழிகிறார். லேவியர் நூல் கேட்டது ஐந்திலொரு பங்கு மிகுதி மட்டுமே. சக்கேயு ஏற்றது, திருடிய ஆட்டுக்கு விடுதலைப் பயண நூல் விதித்த நான்கு மடங்கு. தாவீது பிறனுக்குத் தீர்ப்பாக உரைத்துத் தான் செலுத்தாமல் விட்ட அதே அளவு அது. 

இந்நிகழ்ச்சியில் அருளா முயற்சியா என்னும் பழைய விவாதத்திற்கும் ஒளி கிடைக்கிறது. சக்கேயு ஈடு செய்து அதற்குப் பரிசாக இயேசுவின் வருகையைப் பெறவில்லை. வருகை முதலில் நிகழ்ந்தது. அது தகுதி பார்த்து வந்ததன்று. ஆயின் அவ்வருகை அவர் வீட்டிற்குள் அடங்கி நிற்கவில்லை. அவரால் ஏமாற்றப்பட்டவர்களின் வீடுகளுக்கும் அது பொருளாகச் சென்று சேர்ந்தாக வேண்டியிருந்தது. அருள் மீட்பின் காரணம் எனில், ஈடுசெய்தல் அவ்வருள் மெய்யாகவே பெறப்பட்டது என்பதற்கான அடையாளமாகிறது.

திருச்சபை அறிஞர் இதனை மறந்தாரல்லர். அருளின் முதன்மையை வலியுறுத்திய அகுஸ்தீனாரே, மக்கெதோனியுஸ் என்னும் அலுவலருக்கு எழுதிய 153 ஆம் மடலில், பறித்ததைத் திருப்பித் தர இயன்றும் தராதவனின் மனவருத்தம் நடிப்பே என்றும், திருப்பித் தராதவரையில் பாவம் மன்னிக்கப்படாது என்றும் எழுதுகிறார். தாமஸ் அக்குவினாஸ் தம் 'இறையியல் தொகுப்பு' நூலில், திருப்பித் தருதல் மீட்புக்கு இன்றியமையாதது என்கிறார். திரெந்துச் சங்கம் 1551 இல் மனவருத்தம், அறிக்கை, பரிகாரம் என ஒப்புரவின் மூன்று கூறுகளை வகுத்தது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய என்ரிக்கே என்ரிக்கசு அடிகளாரின் 'கொம்பெசியொனாயரு' என்னும் பாவ அறிக்கை நூல் 1580 இல் கொச்சியில் தமிழில் அச்சிடப்பட்டது. தமிழின் தொடக்ககால அச்சு நூல்களுள் ஒன்று, மனிதன் தன் குற்றங்களை எண்ணிப் பார்க்க வழிகாட்டும் நூலாக அமைந்தது குறிப்பிடத்தக்கது. ஆயினும் பரிகாரம் என்னும் மூன்றாம் கூறு, நடைமுறையில் பலரிடத்தும் செபங்களாகவும் நோன்பாகவும் சுருங்கியது. அவை இறைவனை நோக்கியவை. தீங்குற்றவரின் வாயிலை எட்டாதவை.

எழும் மறுப்புகள்

இக்கருத்துக்கு எதிராக இரண்டு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, ஈடு செய்ய இயலாதவன் நிலை பற்றியது. லூக்கா 23 ஆம் அதிகாரத்தில் இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட குற்றவாளி ஒருவன் அன்றே பேரின்ப வீட்டை உறுதியாகப் பெறுகிறான். அவன் எவருக்கும் எதனையும் திருப்பித் தரவில்லை. ஆணியறைந்த கைகளால் தரவும் இயலாது. எனினும் அவன் தன் தண்டனை தன் செயலுக்கு முறையானதே என்று வெளிப்படையாக ஏற்கிறான். தீங்குற்றவர் பக்கம் நீதி உள்ளது என்னும் ஒப்புதல் அது. கையால் செய்ய இயலாதபோது வாய்மையால் செய்யும் ஈடு என அதனைக் கொள்ளலாம். இயலாதவனுக்கு உரிய இச்சலுகையை இயன்றவன் தனக்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது.

இரண்டாவது மறுப்பு, தீங்குற்றவர் தாமே முன்வந்து மன்னிக்கும் நிலை பற்றியது. 1999 சனவரி 22 நள்ளிரவுக்குப் பின் ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டத்து மனோகர்பூரில், தொழுநோயாளரிடையே பணிபுரிந்த ஆஸ்திரேலியரான கிரகாம் ஸ்டெயின்ஸ் தம் இரு சிறு மகன்களோடு ஊர்தியில் உறங்கும்போது எரித்துக் கொல்லப்பட்டார். அவர் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கொலையாளிகளை மன்னிப்பதாகப் பொதுவில் அறிவித்தார். அதே வேளையில், மன்னிப்பையும் குற்றத்தின் சட்ட விளைவையும் ஒன்றாகக் குழப்பலாகாது என்றும் தெளிவுபடுத்தினார். வழக்கு 2011 இல் உச்சநீதிமன்றத் தீர்ப்புவரை சென்றது. இங்கு மன்னிப்பு அளித்தவர் தீங்குற்றவரே. அவர் அளித்தது தமக்குரிய மன்னிப்பு. குற்றவாளியின் பொறுப்பை அது நீக்கவில்லை. இவானின் வாதத்திற்கும் இதில் ஒருவகை மறுமொழி உண்டு. பிள்ளைகள் பட்ட வேதனையைத் துடைத்துவிட்டதாக அத்தாய் உரிமை கோரவில்லை. தம் உள்ளத்தில் வெறுப்புக்கு இடமளிக்க மறுத்தார்.

சமூக அளவிலும் இவ்வேறுபாடு முதன்மை பெறுகிறது. தென்னாப்பிரிக்காவில் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையிலான உண்மை மற்றும் இணக்க ஆணையம் 1996 ஏப்பிரலில் விசாரணையைத் தொடங்கியது. அரசியல் நோக்குடன் செய்த குற்றங்களை முழுமையாக வெளிப்படுத்தியவர்க்குப் பொதுமன்னிப்பு வழங்கும் அதிகாரம் அதற்கு இருந்தது. மனவருத்தம் கட்டாய நிபந்தனையாக இல்லை. பாதிப்புற்றவர்க்கான ஈட்டுத்தொகையோ 2003 இல்தான் ஒருமுறைத் தொகையாக 30,000 ராண்ட் என அறிவிக்கப்பட்டது. ஆணையம் பரிந்துரைத்ததிலும் அது குறைவு. தீங்குற்றவர்கள் பொதுவெளியில் பேசவும் கேட்கப்படவும் வழி செய்தமை அவ்வாணையத்தின் பெருஞ்சாதனை. ஆயின் மன்னிப்பு விரைந்தும் ஈடு தாழ்ந்தும் வந்தபோது, மன்னிப்பின் பொருளே ஐயத்திற்குள்ளானதை அவ்வரலாறு காட்டுகிறது. செருமானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937 இல் 'மலிவான அருள்' என்று எச்சரித்தது, மனமாற்றம் கேளாத மன்னிப்பைப் பற்றியே. அவ்வெச்சரிக்கை தனிமனிதர்க்கு மட்டுமன்றிச் சமூகங்களுக்கும் பொருந்துவதாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில கருத்துகள் தெளிவாகின்றன. கிறித்தவக் கோட்பாட்டில் பாவம் இறைவனோடு கொண்ட உறவின் முறிவு. அயலாரோடு கொண்ட உறவின் முறிவும் அதனுள் அடங்கும். சுமை உருவகம் பாவியின் விடுதலையை நன்கு விளக்குகிறது. கடன் உருவகமே தீங்குற்றவரை நினைவூட்டுகிறது. ஒருவர் குற்றத்தை மற்றவர் ஏற்க இயலாது என்னும் காண்டின் மறுப்பு, மீட்பை வெறும் கணக்கு மாற்றமாகக் கொள்வோர்க்கே முழுமையாகப் பொருந்தும். முறிந்த உறவுகளை மீண்டும் கட்டுதலே மீட்பு எனக் கொள்ளின், சிலுவை பாவியின் பொறுப்பை அகற்றுவதாக அமையாது. அச்சமின்றி அப்பொறுப்பை ஏற்கும் ஆற்றலை அவனுக்கு அளிப்பதாக அமையும். தன்னை இறைவன் கைவிடவில்லை என்று அறிந்தவனே, தான் ஏமாற்றியவரின் முகத்தை நேரில் காணத் துணிகிறான்.

உரியாவின் வினாவுக்கு முழு விடை கிடைத்துவிட்டது என்று கூற இயலாது. இறந்தவர்க்குச் செய்யும் ஈடு மனிதர் கைக்கு எட்டாதது. ஆயின் மறைநூல் அவனை மறக்கவில்லை. மத்தேயு தம் நற்செய்தியின் தொடக்கத்தில் இயேசுவின் மூதாதையரை வரிசைப்படுத்துமிடத்து, சாலமோனின் தாயைப் பத்சேபா என்று பெயர் சொல்லாமல் உரியாவின் மனைவி என்றே குறிக்கிறார். தாவீதின் பாவம் மன்னிக்கப்பட்டு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் சென்றபின்னும், மீட்பரின் குலவரிசையில் தீங்குற்றவனின் பெயர் நீக்கப்படாமல் நிற்கிறது. பாவியை மீட்கும் நம்பிக்கை தீங்குற்றவரின் பெயரை மறைத்துப் பெறக்கூடியதன்று என்பதற்கு அதுவே சான்றாக அமைகிறது.